கீச்சு இல்லை என்று எழுதினேன்

போன மாதம் மெல்பேர்னிலிருந்து என் தங்கையின் மருமகன் தொலைபேசி எடுத்தார். நோபல் பார்க்கில் புதிதாக வீடு வாங்கியிருக்கிறார்.

"அங்கிள், ஹோலுக்கு நல்ல ஸ்பீக்கர் ஒரு சோடி வாங்கப்போறன். இருந்து கேட்டுப் பாத்து வாங்க இஞ்ச எங்கயும் கடை இருக்கோ?"

எனக்குத் தெரிந்த மூன்று கடைகளைச் சொன்னேன். பேசிக்கொண்டே கணினியில் தேடினார். ஒன்று இப்போது பல் வைத்தியசாலை. மற்றது பெட்டிகளை அனுப்பிவைக்கும் களஞ்சியம் மட்டும். மூன்றாவது கடைக்கு இணையத்தில்கூடச் சுவடு இல்லை.

"பரவாயில்லை அங்கிள். ரிவியூ பாத்து ஓடர் பண்ணுறன். பிடிக்காட்டி திருப்பி அனுப்பலாமாம்." பிறகு கேட்டார்: "நீங்கள் சிட்னியில அந்த ஓடியோ கடையில எத்தினை வருசம் வேலை செய்தனீங்கள்?"

"இருபத்தாறு."

"அப்ப அதைப் பற்றி ஒருக்கா எழுதுங்கோவன்."

எந்த ஸ்பீக்கர் நல்லது என்று எழுதுவேன் என அவர் நினைத்திருக்கலாம். எழுத உட்கார்ந்ததும் எனக்கு நினைவில் வந்தது வேறு.

சிட்னிக்கு வந்த புதிதில் ஆஷ்ஃபீல்டில் ஒரு கட்டடத்தைத் துப்புரவு செய்துகொண்டிருந்தேன். கொழும்பில் ரேடியோ திருத்தும் கடையில் ஆறு வருடம் இருந்தவன் நான் என்பதை இங்கே எவரும் கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு ஓடியோ கடை. ஒரு மதியம் அதன் வாசலில் நின்று பாட்டுக் கேட்டேன். பாடுகிறவளின் குரல் நடுவில் நிற்காமல் இரண்டு பக்கமும் சிதறியது. உள்ளே போய், தெரிந்த ஆங்கிலத்தில், ஒரு ஸ்பீக்கரின் வயர் மாறிப் பூட்டியிருக்கிறது என்றேன். முதலாளி பின்னால் போய்க் குனிந்து பார்த்தார். மாறித்தான் இருந்தது. திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்.

அவர் பெயர் லாஸ்லோ. ஹங்கேரியில் பிறந்து, சிறுவயதில் பெற்றோருடன் இங்கே வந்தவர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். முதல் இரண்டு வருடம் எனக்குப் பெட்டி தூக்குவதும், வயர் சீவுவதும், அவர் செய்வதைப் பார்ப்பதும்தான் வேலை. அதன் பிறகு ஒரு நாள், "இரண்டாவது அறை உன்னுடையது" என்றார். பயிற்சி முடிந்தது.

அவர் முறைகள் கடுமையானவை. வாடிக்கையாளர் வருமுன் அறையில் ஒரே ஒரு சோடி ஸ்பீக்கர்தான் இருக்க வேண்டும். மற்றவை வெளியே. சும்மா நிற்கும் ஸ்பீக்கரும் கூடவே அதிரும் என்பார். இரண்டு சோடிகளை மாற்றி மாற்றி ஒப்பிடுவதாயின், கதிரையில் இருப்பவரின் காது உயரத்தில் ஒலிமானியை வைத்து இரண்டின் சத்தத்தையும் சமப்படுத்த வேண்டும். கொஞ்சம் அதிகச் சத்தமாக இருப்பதைத்தான் எவரும் நல்லது என்று எடுப்பார்கள், அது ஏமாற்று. பாட்டை வாடிக்கையாளர் கொண்டுவர வேண்டும். பாட்டு ஓடும்போது வாய் திறக்கக் கூடாது. முடிந்ததும் ஒரு கோப்பை தண்ணீர் கொடுக்க வேண்டும். அவராகப் பேசும் வரை "எப்படி இருந்தது?" என்று கேட்கவே கூடாது.

லாஸ்லோ எதையும் நல்லது என்று சொல்லி நான் கேட்டதில்லை. "இருக்கிறது" என்பார், அல்லது "இல்லை" என்பார். ஏதாவது பிழையான சத்தத்தைத் தேடும்போது கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிடித்ததும் சுட்டுவிரல் மெல்ல மேலே எழும். கோபம் வந்தால் திட்ட மாட்டார். தூசி இல்லாத அலமாரித் தட்டுகளைத் துடைக்கத் தொடங்குவார்.

விற்ற அம்பிளிஃபயர் எதுவும் கடையில் ஒரு மணி நேரம் ஓடாமல் வெளியே போகாது. கடைசிப் பத்து நிமிடம் பாட்டை நிறுத்திவிட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்து, ஸ்பீக்கரோடு காதைச் சேர்த்துக் கேட்க வேண்டும். அதற்கு ஒரு அட்டை. அதில் மூன்று வரி: இரைச்சல், சீறல், கீச்சு. மூன்றுக்கும் நேரே "இல்லை" என்று எழுதிக் கையொப்பம் போட்டால்தான் பெட்டி மூடப்படும்.

கடை தளரத் தொடங்கியதை ஒரு மனிதரை வைத்துச் சொல்லலாம். ஒரு சனிக்கிழமை வந்தார். என் அறையில் இரண்டரை மணி நேரம் இருந்தார். மூன்று சோடி ஸ்பீக்கர் மாற்றிக் காட்டினேன். தண்ணீர் குடித்தார். "இரண்டாவதுதான்" என்றார். எனக்குச் சந்தோஷம். அந்தக் கதிரையில் இருந்தபடியே கைப்பேசியை எடுத்து, அதே ஸ்பீக்கரை வேறெங்கோ ஓடர் செய்துவிட்டு, "உங்கள் உதவிக்கு மிக்க நன்றி" என்று கைகொடுத்துவிட்டுப் போனார். அவர் கெட்டவர் இல்லை. உண்மையான நன்றியோடுதான் சொன்னார். அதற்குப் பிறகு அப்படிப் பலர் வந்தார்கள். நாலு பேராக இருந்த நாங்கள் மூன்று பேரானோம். பிறகு நானும் லாஸ்லோவும்தான்.

"இனி ஒருவரைத்தான் வைத்திருக்க முடியும்" என்றார் லாஸ்லோ. "காது உள்ள ஒருவரை. அது நீ."

அவர் அதைச் சொன்ன சில மாதத்தில் என் பேத்திக்குக் காய்ச்சல். அவள் கையிடுக்கில் வெப்பமானியை வைத்து, அது அடிக்கும் வரை காத்திருந்தேன். என் மனைவி மலர் குசினியில் சமையலை விட்டுவிட்டு வந்தாள்.

"இஞ்சேருங்கோ, அது எப்பவோ அடிச்சிட்டுது. எடுக்கேல்லையே?"

"அடிக்கேல்லை."

"எனக்கு அங்க கேட்டது."

மறுநாள் பிளாக்டவுனிலிருந்து வழக்கத்தைவிட ஒரு ரயில் முந்தி எடுத்தேன். கடையைத் திறந்து, அறையைப் பூட்டிக்கொண்டு, சோதனை இறுவட்டைப் போட்டேன். தடத்துக்கு ஒரு சுரம், தடம் மாற மாறப் படிப்படியாக உயர்ந்துகொண்டு போகும். நாலாயிரம் ஹேர்ட்ஸ் கேட்டது. ஆறாயிரம் மெல்லிய கோடு மாதிரிக் கேட்டது. எட்டாயிரத்தில் ஒன்றுமில்லை. இறுவட்டு சுற்றுகிறது, இலக்கம் ஓடுகிறது, அறை அமைதியாக இருக்கிறது. பத்தாயிரத்திலும் அதே அமைதி. ஸ்பீக்கர் பழுதோ என்று வேறு சோடியைப் பூட்டினேன். அதுவும் அப்படியே.

ஐம்பத்தெட்டு வயது. காதை நம்பித் தரப்பட்ட வேலை. வீட்டுக் கடன் முடியவில்லை. மலர் முதியோர் இல்லத்தில் வாரம் நாலு நாள் தூக்குவதும் குளிப்பாட்டுவதுமாக இடுப்பு நோவோடு நிற்கிறாள். நான் இறுவட்டை உறைக்குள் போட்டுவிட்டு வாடிக்கையாளருக்குக் கதவைத் திறந்தேன். எவரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து லாஸ்லோ கண்ணை மூடி நிற்கும்போதெல்லாம் நான் அவர் விரலைத்தான் பார்ப்பேன். அவர் விரல் எழும்பினால் நானும் தலையாட்டுவேன். எழும்பாவிட்டால் நானும் சும்மா நிற்பேன். ஒன்றரை வருடம் அப்படி ஓட்டினேன்.

அந்த நேரத்தில்தான் கோமதி டீச்சர் வந்தார். சென்னையைச் சேர்ந்தவர். வென்ட்வர்த்வில்லில் வீட்டு கராஜை வகுப்பறையாக்கிப் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கிறவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணவர் சுந்தர் ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கொஞ்சம் உரக்கப் பேசினால்தான் அவருக்குக் கேட்கும். டீச்சர் மூன்று சனிக்கிழமை வந்து கேட்டார். வயலினில் வில் திரும்பும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். இணையத்தில் வாங்கலாமே என்று கணவர் சொன்னபோது, "கேட்ட எடத்துலதான் வாங்கணும். அதுதான் மரியாதை" என்றார்.

அவர் எடுத்த ஸ்பீக்கரோடு போகும் அம்பிளிஃபயரை ஒரு மணி நேரம் ஓட்டினேன். பாட்டை நிறுத்தி, காதைச் சேர்த்து வைத்துக் கேட்டேன். இரைச்சல் இல்லை. சீறல் இல்லை. மூன்றாவது வரியில் பேனா நின்றது. லாஸ்லோவைக் கூப்பிட்டு ஒருமுறை கேட்கச் சொல்லியிருக்கலாம். ஏன் என்று அவர் கேட்டால் என்ன சொல்வது? "இல்லை" என்று எழுதிக் கையொப்பம் போட்டேன்.

இரண்டு வாரத்தில் டீச்சர் அழைத்தார்.

"சார், பாட்டு நின்னதும் ஒரு கீச்சுன்னு சத்தம். கொசு மாதிரி. ரொம்ப மெல்லிசா, நிக்காம வருது."

வீட்டுக்குப் போனேன். வரவேற்பறையில் காதை ஸ்பீக்கரோடு ஒட்டிவைத்தேன். அமைதி. சுந்தர் அவர்களும் காதை வைத்துப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே, கோமு" என்றார். நான் வயரை மாற்றினேன். மின்செருகியை வேறு சுவருக்கு மாற்றினேன். எழுந்து நின்று, "சத்தம் ஒண்டும் இல்லை, டீச்சர்" என்றேன்.

இரண்டாவது முறை கடையிலிருந்து வேறு வயர்களும், சுத்தமான மின்சாரம் தரும் பெட்டி ஒன்றும் கொண்டுபோனேன். குளிர்சாதனப் பெட்டியை நிறுத்திப் பார்த்தோம். டீச்சர் கதவோரம் நின்று, "இப்பவும் வருதே" என்றார். நான் இல்லை என்றேன். மூன்றாவது முறை போனபோது அவர் முன்போல நேரே சொல்லவில்லை. "வருதா இல்ல எனக்குத்தான் அப்படித் தோணுதான்னு தெரியல" என்றார். குரல் இறங்கியிருந்தது. "டாக்டர்கிட்ட போனேன். காது டெஸ்ட்ல எல்லாம் நார்மல். ஆனாலும் இந்த வயசுல காதுக்குள்ளயே சத்தம் கேக்கிறது உண்டாம். போகப்போக அதிகமாகலாமாம்."

கராஜில் பிள்ளைகள் வாசிக்கும் சத்தம் கேட்டது. அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு, இங்கே கீச்சுச் சத்தம் கேட்கிறதா என்று கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். டீச்சர் கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். தன் காதில் சந்தேகம் என்று எந்த ஆசிரியை மாணவர்களிடம் காட்டுவார்? நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் வேறொரு விடயமாகச் சுந்தர் அவர்கள் கடைக்கு அழைத்தார். போகிற போக்கில் சொன்னார்: "கோமு கிளாஸ நிறுத்திட்டா. காது சரியில்லாம பசங்களுக்குத் தப்பா சொல்லிக்குடுத்துடுவோமோன்னு பயம். வயலின எடுத்து அலமாரி மேல வச்சுட்டா."

அன்று பின்னேரம் எதிர்த்திசை ரயிலில் ஏறி சென்ட்ரல் வரை போய்விட்டேன். வீட்டுக்குப் போய் மலரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"வேலை போனா என்ன செய்யிறது?" என்று அவளிடம் கேட்டேன்.

"போனாப் போகட்டும்" என்றாள். "அந்த மனுசி தனக்குக் காதில வருத்தம் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறா. நீங்கள் நாளைக்கே போய்ச் சொல்லுங்கோ."

மறுநாள் கடை திறக்குமுன் லாஸ்லோவிடம் போனேன். ஒலிநாடாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"லாஸ்லோ, எனக்கு ஆறாயிரத்துக்கு மேலே கேட்காது. ஒன்றரை வருடமாகத் தெரியும். உங்களிடம் மறைத்துவிட்டேன்." கோமதி டீச்சரின் கதையையும் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. தட்டுகளைத் துடைக்கவும் போகவில்லை. வாடிக்கையாளர் கதிரையில் என்னை இருத்தினார். இறுவட்டைப் போட்டார். "கேட்டால் கையைத் தூக்கு" என்றார்.

தூக்கினேன். அடுத்ததற்கும் தூக்கினேன். அதற்குப் பிறகு என் கை மடியிலேயே கிடந்தது. அறையில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. லாஸ்லோ எனக்குப் பக்கவாட்டில் நின்று, தடத்தின் இலக்கம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் விடை தெரியாமல் நிற்கும் பிள்ளை மாதிரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசித் தடம் வரை ஓடவிட்டுத்தான் நிறுத்தினார்.

"அட்டையில் கையொப்பம் போட்டது நீதானே?"

"நான்தான்."

"அளக்கும் மைக்கை எடு. கடை வாகனத்தில் ஏறு."

எம்4 சாலையில் வாகனங்கள் ஊர்ந்தன. திரும்பி வரும்போது எனக்கு வேலை இருக்குமா என்று கேட்க நினைத்தேன். கேட்கப் பயமாக இருந்தது.

டீச்சர் கதவைத் திறந்தார். மெலிந்திருந்தார். லாஸ்லோ வணக்கம் சொல்லிவிட்டு நேரே ஸ்பீக்கர் முன்னால் கம்பளத்தில் முழங்காலிட்டு, கண்ணை மூடிக் காதைக் கொடுத்தார். நான் அவர் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு நிமிடம் போனது. விரல் எழும்பவில்லை. இன்னொரு நிமிடமும் போனது.

டீச்சர் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "சார், வருது. இப்ப, இந்த நிமிஷம் எனக்குக் கேக்குது. அவரும் இல்லைன்னு சொல்லிடுவாரா?"

லாஸ்லோ கண்ணைத் திறந்தார். மைக்கை ஸ்பீக்கருக்கு அருகில் நிறுத்தி, மடிக்கணினியில் இணைத்தார். திரையில் தரையோடு ஒரு கோடு ஓடியது. ஒன்பதாயிரத்துக்குக் கிட்டே ஊசி மாதிரி ஒரே ஒரு கோடு நெட்டுக்குத்தாக நின்றது. அம்பிளிஃபயரின் மின்செருகியை இழுத்தார். ஊசி விழுந்தது. திரும்பப் பூட்டினார். ஊசி எழுந்தது. மூன்று முறை அப்படிச் செய்தார். ஒவ்வொரு முறையும் டீச்சர் திரையைப் பார்க்காமலே, "போச்சு", "வந்துடுச்சு" என்றார்.

"மேடம்" என்றார் லாஸ்லோ. "சத்தம் இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. உங்கள் காதில் இல்லை." எழும்பக் கஷ்டப்பட்டுச் சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கும் அது கேட்கவில்லை. எவ்வளவு காலமாகக் கேட்கவில்லை என்றும் எனக்குத் தெரியாது."

காலையில் அவர் இலக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றது ஏன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

டீச்சர் உட்கார்ந்துவிட்டார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முதலில் அழுதார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நாலு மாசமா என் காதையே நான் சந்தேகப்பட்டுட்டு இருந்தேன். மூணு தடவை வந்தீங்க. மூணு தடவையும் சத்தம் இல்லைன்னீங்க. எனக்குக் கேக்கலைன்னு ஒரு தடவை சொல்லியிருந்தா போதுமே, சார்!"

"பிழை என்ரைதான், டீச்சர்."

"பிழையா? எழுத்துப்பிழை மாதிரி சொல்றீங்க. இது பொய் சார்."

"ஓம், பொய்தான்" என்றேன்.

வாகனத்தில் திரும்பும்போது, "நாளைக்கு நான் வரலாமா?" என்று கேட்டேன்.

"உன்னை நிறுத்தினால் என்னையும் நிறுத்த வேண்டும்" என்றார் லாஸ்லோ. கொஞ்ச தூரம் போனபின், "நீ அதைக் கண்டுபிடித்தாய். நான் சோதித்துக்கூடப் பார்க்கவில்லை" என்றார்.

டீச்சருக்குப் புதுப் பெட்டி போனது. அந்த ஒன்றரை வருடத்தில் நான் கையொப்பம் போட்ட அட்டைகளை எல்லாம் லாஸ்லோ மேசையில் பரப்பினார். ஒவ்வொரு வீட்டுக்கும் நானே அழைத்து, உண்மையைச் சொல்லி, மைக்கோடு போகவேண்டும் என்றார். ஒவ்வொரு கதவுமணியாக அழுத்தினேன். ஒரே ஒரு வீட்டில்தான் அதே ஊசி எழுந்தது. அந்த மனிதர் எங்களிடம் முறையிடவே இல்லை. "கொஞ்ச நாளாகவே பாட்டுக் கேட்கப் பிடிக்காமல் போய்விட்டது. வயது என்று நினைத்தேன்" என்றார். பெட்டிக்கு மேலே துணி போட்டு மூடியிருந்தார்.

அதன் பிறகு எந்தப் பெட்டியும் மைக் கேட்டபின்தான் கடையைவிட்டுப் போனது. கேட்கும் அறைக்குள் வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவோம்: எங்கள் இருவருக்கும் மேலே உள்ள சுரங்கள் கேட்காது, நீங்கள் கேட்பதை நாங்கள் அளந்து காட்டுவோம். சிலர் சிரித்துவிட்டு வெளியேறினார்கள். சிலர் இருந்தார்கள். இருந்தவர்கள் போதவில்லை. மூன்று வருடத்தில் குத்தகை முடிந்தது. புதுப்பிக்கும் கடிதத்தை லாஸ்லோ திறந்து பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். கடைசி நாள் அறைகளிலிருந்த கதிரைகளை இருவரும் தூக்கி வெளியே வைத்தோம். இப்போது அவர் நியூகாசிலில் மகளோடு இருக்கிறார். நான் இரண்டு காதிலும் கருவி போட்டிருக்கிறேன்.

நோபல் பார்க் மருமகனின் பெட்டி போன கிழமை வந்துவிட்டதாம். எனக்கு அதிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. அதில் ஏதாவது கீச்சென்றால் அவர் யாரிடம் சொல்வார்? எழுதி அனுப்பினால், பழுது எதுவும் காணப்படவில்லை என்று ஒரு பதில் வரும். மைக்கோடு வீடு தேடி எவரும் வரப்போவதில்லை. அவரும் தனக்குத்தான் ஏதோ என்று நினைத்துக்கொள்வார். இரண்டு தரம் தொலைபேசி எடுத்து, பாட்டை நிறுத்திப்போட்டு, பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேள் என்று சொன்னேன். சிரித்தார்.

கோமதி டீச்சர் வகுப்பைத் திரும்பத் தொடங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன். நெடுநாள் என்னோடு பேசவில்லை. மேய்ஸ் ஹில் கோயிலில் கண்டால் தலையை மட்டும் அசைப்பார். சில மாதங்களுக்கு முன் அங்கே மண்டபத்தில் அவருடைய பிள்ளைகளின் கச்சேரி. நானும் மலரும் நேரத்தோடு போய்ப் பின்வரிசையில் இருந்தோம். மேடையில் மைக் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் மேடையிலிருந்து இறங்கி நேரே எங்களிடம் வந்தார்.

"சார், கொஞ்சம் நடுவுல வந்து ஒக்காந்து சத்தம் எப்படி இருக்குன்னு சொல்றீங்களா?"

காதுக் கருவியைத் தொட்டுக் காட்டினேன். "டீச்சர், எனக்கு மேல்சுரம் ஒண்டும் சரியாக் கேக்காது. கருவி போட்டும் அப்படித்தான்."

"தெரியும்" என்றார். "கேக்கிறதச் சொல்லுங்க. கேக்காதத நான் பாத்துக்கிறேன்."

எழும்பிப் போய் ஐந்தாவது வரிசையில் இருந்தேன். பிள்ளைகள் வர்ணத்தைத் தொடங்கினார்கள். முதல் சுற்று முடியுமட்டும் கேட்டுவிட்டுக் கையைத் தூக்கினேன்.

"மிருதங்கச் சத்தம் கூடிப்போச்சுது, டீச்சர். குறைக்கச் சொல்லுங்கோ."

அவர் திரும்பி, குறைக்கச் சொன்னார்.